நம்பும்படியான கதாபாத்திரத்தை உருவாக்குவது: முதல் குறிப்பிலிருந்து கடைசித் திருத்தம் வரை

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் பெயர், வயது, நிறம், பிடித்த உணவு, சிறுவயதுச் சோகம் என்று விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதுபோலக் கதாபாத்திரத்தைத் தொடங்குகிறார்கள். பத்துப் பக்கம் குறிப்பு சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆள் கதைக்குள் வந்து வாயைத் திறந்ததும் எழுதியவரின் குரல்தான் கேட்கிறது. குறிப்பு எவ்வளவு என்பதில் கோளாறு இல்லை, அதைச் சேர்த்த வரிசையில்தான் இருக்கிறது. கீழே உள்ள வரிசையில் நெருக்கடி முதலில் வருகிறது. பெயரும் கடந்தகாலமும் கடைசியில் வருகின்றன.

எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணம்: கோவில்பட்டிப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கும் பெண். 2023ஆம் ஆண்டு. அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. இடது பக்கத்தில் உண்மைத் தகவல், வலது பக்கத்தில் கற்பனை. இரண்டையும் கலந்து எழுதினால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

இடமும் ஆண்டும் முடிவாகியிருக்க வேண்டும். “தொண்ணூறுகளுக்குப் பிறகு ஏதோ ஒரு சமயம்” என்று தொழிலை எழுத முடியாது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2017இல்தான் ஸ்மார்ட் கார்டு வந்தது. விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை 2020 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் நடக்கும் கதை என்றால், கைரேகை பதியாமல் தவிக்கும் கிழவியும் இல்லை, அவளுக்குப் பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பும் இல்லை. ஆண்டு மாறினால் காட்சியே மாறிவிடும்.

இரண்டு மூன்று மணி நேரம் நேரில் நின்று பார்த்த அனுபவம் வேண்டும். மாத முதல் வாரத்தில் ஒரு கடை வரிசையில் நில்லுங்கள். காதில் விழும் வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள், பொருள் விளக்கம் சேர்க்காதீர்கள். பிறகு அந்த வேலையில் இருப்பவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வாரத்துக்கு ஒருமுறையாவது தப்பாகப் போவது எது? யார் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்? வெளியில் இருப்பவர்கள் இந்த வேலையைப் பற்றித் தவறாக நினைப்பது என்ன? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் கதையாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தெரிந்த ஒரே ஆளை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். அவர் மனம் புண்படும் என்பது ஒரு காரணம். அவர் நிஜத்தில் செய்யாததைச் செய்யவைக்க உங்கள் கை தயங்கும் என்பது இன்னொன்று. மூன்று பேரிடமிருந்து எடுங்கள்.

2. நெருக்கடியை முதலில் எழுதுங்கள்

ஒரே பத்தியில்: யார், எங்கே, எதை முடிவு செய்தாக வேண்டும், எதற்குள், செய்யாவிட்டால் என்ன போகும்.

நம் உதாரணத்துக்கு: கடைக்கு 30 மூட்டை அரிசி இறங்குகிறது. ஒவ்வொன்றும் 50 கிலோ என்று கணக்கு. சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்தால் மூட்டைக்கு ஒரு கிலோ குறைகிறது. வந்து சேர்ந்தது என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இனி அந்த 30 கிலோ அவள் பொறுப்பு. கடையில் 300 அட்டைகள். அட்டைக்கு 100 கிராம் குறைத்து நிறுத்தால் பள்ளம் நிரம்பிவிடும். குறைக்காவிட்டால் இருப்புச் சரிபார்ப்பின்போது கைக்காசு போடவேண்டும்.

இதை ஏன் முதலில் எழுதுகிறோம்? எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்று இது சொல்லிக்கொடுக்கும். அவளுக்கு மல்லிகை பிடிக்குமா என்பது இந்த முடிவைத் தொடவில்லை. பிறர் கேள்வி கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்பது தொடுகிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வழியிலும் நஷ்டம் இருக்கிறது. ஒரு பக்கம் முழு நன்மையும் மறுபக்கம் முழுத் தீமையுமாக இருந்தால் அதில் முடிவெடுக்க எதுவுமில்லை. அங்கே பாத்திரத்தின் குணம் வெளிப்பட வழியும் இல்லை.

3. வேலை நாள் ஒன்றை மணிக்கணக்கில் எழுதுங்கள்

காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, சுமார் 20 வரிகள். இது கதையில் வராது. ஆனால் கைக்கு வேலை இல்லாத பாத்திரம் பேசிக்கொண்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டும்தான் இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பட்டியல்.

பூட்டைத் திறப்பது, தராசைத் துடைத்துச் சுழியத்தில் நிறுத்துவது, கைரேகைக் கருவிக்கு சிக்னல் வருகிறதா என்று பார்ப்பது, மூட்டையின் தையலை ஒரு முனையில் பிடித்து உருவுவது, சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளுவது, 25 ரூபாய் பாமாயிலுக்கும் 30 ரூபாய் துவரம் பருப்புக்கும் சில்லறை தேடுவது, காலிச் சாக்கை எண்ணி அடுக்குவது. உணர்ச்சியைச் சொல்லவேண்டிய இடத்தில் இவற்றில் ஒன்று கைகொடுக்கும். கோபமாக இருக்கும்போது சாக்கை எப்படி மடிப்பாள் என்று எழுதினால் “கோபமாக” என்ற சொல்லே வேண்டாம்.

உடலும் வேலையிலிருந்தே வரட்டும். அரிசித் தூசியால் காலையில் தும்மல், நின்றே வேலை பார்ப்பதால் மாலையில் கால் வீக்கம். “மாநிறம், பெரிய கண்கள்” என்பதால் வாசகர் மனதில் எந்த முகமும் நிற்பதில்லை.

4. மாத வரவு செலவுக் கணக்கு

தமிழில் புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தாண்டிப்போகும் படி இதுதான். கதாபாத்திரம் ஏழை என்று எழுதிவிட்டு, இரண்டு பக்கம் தள்ளி ஆட்டோ பிடித்துப் போக வைப்பார்கள். ஒரு தாளில் ரூபாயில் கணக்குப் போட்டால் இது நடக்காது.

2022இல் கூட்டுறவு ரேஷன் கடைகளுக்கு ஆள் எடுத்தபோது விற்பனையாளருக்கு முதல் ஆண்டுத் தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய். நம் ஆள் அந்தத் தேர்வில் வந்தவள், இன்னும் ஓராண்டு முடியவில்லை. இது இடது பக்கம். வலது பக்கத்தில் கற்பனை: கணவன் திருப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், சில மாதம் 7,000 அனுப்புவான், சில மாதம் ஒன்றும் வராது. வீட்டு வாடகை 2,500. மகளிர் குழுத் தவணை 1,850. மகள் பத்தாம் வகுப்பு, டியூஷன் 500. ஒரு ஜோடிக் கம்மல் அடகில்.

இப்போது அந்த 30 கிலோவைத் திரும்பப் பாருங்கள். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 1,200. கணவன் பணம் அனுப்பாத மாதத்தில் அது அவளை முறித்துவிடும், அனுப்பிய மாதத்தில் முறிக்காது. ஆகவே கதை அனுப்பாத மாதத்தில் நடக்க வேண்டும். கதையமைப்பில் ஒரு முடிவை வரவு செலவுக் கணக்கே எடுத்துக்கொடுத்துவிட்டது. வறுமையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை, வட்டிக்கடை ரசீதை அவள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது போதும்.

5. யாரை எப்படிக் கூப்பிடுகிறாள்

ஐந்து பேரை எழுதுங்கள், அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மூன்று விவரம்: அவள் அவரை என்னவென்று கூப்பிடுகிறாள், அவர் அவளை என்னவென்று கூப்பிடுகிறார், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார். கடன் என்றால் பணம் மட்டுமில்லை.

தமிழில் இது மிகப் பெரிய வசதி. நீ, நீங்க, வா, வாங்க, அண்ணாச்சி, சார் என்று ஒவ்வொரு விளியிலும் வயது, பதவி, உறவு, சாதி, நெருக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியிருக்கின்றன. விளக்கமாக ஒரு பத்தி எழுதவேண்டியதை ஒரு விளி செய்துவிடும்.

நம் கடையில் ஒரு கட்டுநர், அதாவது பொருளை எடைபோட்டுக் கட்டித்தரும் உதவியாளர், இருக்கிறார். பதவியில் இவளுக்குக் கீழே, வயதில் இருபது வருடம் மூத்தவர். இவள் அவரை “அண்ணாச்சி” என்கிறாள். அவர் தனியாக இருக்கும்போது “தாயி” என்கிறார், ஆய்வுக்கு அதிகாரி வந்தால் மட்டும் “மேடம்” என்கிறார். மூட்டை இறங்கியபோது நிறுத்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதை “எல்லாக் கடையிலயும் இப்படித்தான் வரும் தாயி” என்று தள்ளியவர் அவர். கதையில் ஓரிடத்தில், வேறு யாரும் இல்லாதபோது, அவர் அவளை “மேடம்” என்று கூப்பிடுகிறார். அவ்வளவுதான், உறவு முறிந்தது வாசகருக்குத் தெரிந்துவிடும். இப்படி விளி மாறும் இடத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். ஒரு சிறுகதைக்கு ஒன்று போதும். இரண்டு மூன்று வைத்தால் உத்தி வெளியே தெரியும்.

பெயரோ விளியோ இல்லாமல் பேசுவதையும் மறக்க வேண்டாம். கணவனிடம் “இங்க பாருங்க” என்று மட்டும் பேசுகிறவள், ஒருநாள் போனில் “நீங்க” என்பதையும் விட்டுவிட்டு “பணம் எப்ப வரும்” என்று மொட்டையாகக் கேட்டால் அது சண்டைதான்.

6. விருப்பம், பயம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நியாயம்

மூன்றையும் ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதுங்கள். விருப்பம் கையால் தொடக்கூடியதாக இருக்கட்டும். “மகிழ்ச்சியாக வாழ வேண்டும்” என்பதைக் காட்சியாக்க முடியாது. “மகளுக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை இந்த ஊரை விட்டு மாறக்கூடாது” என்பதை ஆக்கலாம்.

பயத்தில் ஆழமாகப் போங்கள். பணம் போகும் என்பது மேல்மட்டப் பயம். அதற்குக் கீழே இவளுக்கு இருப்பது, நாலு பேர் முன்னால் யாராவது தன்னைக் கேள்வி கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தவறு செய்கிறவர்களில் யாரும் தவறு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்வதில்லை. “நான் எடுத்துக்கொள்ளவில்லையே, வந்ததைத்தானே பங்கு போடுகிறேன்” என்பது இவள் நியாயம். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது அவளுக்கு உதவுகிறது. நியாயத்தை எழுதிய பிறகு உரக்கப் படியுங்கள். உங்களுக்கே ஒரு கணம் சரிதானே என்று படவேண்டும். படாவிட்டால் நீங்கள் இன்னும் அவளை வெளியில் நின்று பார்க்கிறீர்கள்.

7. முரண், ஆனால் ஒரே வேரிலிருந்து

பாத்திரத்துக்குள் முரண் வேண்டும் என்று எல்லாரும் சொல்வதால், கந்துவட்டிக்காரன் தெருநாய்க்குச் சோறு வைப்பான், ரவுடி குழந்தையைக் கண்டால் உருகுவான். இவை ஒட்டவைத்த முரண்கள். எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

வேலை செய்யும் முரண் இப்படி வரும்: இவள் கடையில் எடையில் கறாரானவள், வீட்டில் கணவனிடம் பணத்தைப் பற்றிச் சரளமாகப் பொய் சொல்கிறவள். இரண்டுக்கும் வேர் ஒன்றே, யாரும் தன்னைக் கேள்வி கேட்கக்கூடாது. கடையில் அந்தப் பயம் நேர்மையாக வெளிப்படுகிறது, வீட்டில் பொய்யாக. 30 கிலோ குறைந்த அன்று இரண்டும் மோதுகின்றன. குறைத்து நிறுத்தால் வரிசையில் நிற்பவர் கேட்பார், குறைக்காவிட்டால் கைக்காசு எங்கே போனது என்று கணவன் கேட்பான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பாத்திரத்தின் நல்ல குணம் ஒன்றையும் கெட்ட குணம் ஒன்றையும் எழுதி, நடுவில் “ஏனென்றால்” போட்டு ஒரே காரணத்தால் இரண்டையும் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

8. பேச்சு

ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு சொல்பட்டியல் போடுங்கள். நீங்கள் வளர்ந்த வட்டாரமானால் நல்லது. இல்லையென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் உரையாடல்களை மட்டும் படித்துக்காட்டுங்கள். கோவில்பட்டிக்காரி “சொல்லுங், இருக்குதுங்” என்று கொங்குத் தமிழில் முடித்தால் அந்தப் பக்கத்து வாசகர் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் எப்படிப் பேசுவாள் என்று எழுதிப் பாருங்கள்.

மேலதிகாரியிடம்: “சார், மூடைக்கு ஒரு கிலோ குறையுது சார்.”

கட்டுநரிடம்: “அண்ணாச்சி, எறக்கும்போதே மூடை லேசா இருந்துச்சுல்லா?”

மகளிடம்: “ஏட்டி, நீ போயிப் படி. அம்மா கணக்குப் பாத்துட்டு வாரேன்.”

அதிகாரியிடம் வாக்கியம் “சார்” என்பதற்குள் அடைபட்டிருக்கிறது. கட்டுநரிடம் கேள்விபோலக் குற்றம்சாட்டுகிறாள். மகளிடம் விஷயத்தையே சொல்லவில்லை. மூன்று பேரிடமும் ஒரே தொனியில் பேசும் பாத்திரம் யாரிடமும் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொரு சொல்லையும் பேச்சுவழக்கில் உடைக்க வேண்டாம். வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினால் உணர்ச்சி போய்விடும். ஒரு வரிக்கு ஒன்றிரண்டு அடையாளச் சொற்கள் போதும். “மூடை” என்று முதல் பக்கத்தில் எழுதினால் கடைசிவரை அவள் வாயில் அது “மூடை”யாகவே இருக்கட்டும். விவரிப்பில் “மூட்டை” என்று வரலாம்.

9. கடந்தகாலமும் பெயரும்

கடந்தகாலத்துக்கு மூன்று செய்திகள் மட்டும். மூன்றும் இன்றைய முடிவைத் தொடவேண்டும். அவற்றில் ஒன்றுதான் கதையில் வெளிப்படையாக வரும், அதுவும் பாதிக்கு மேல் போன பிறகு. முதல் பக்கத்திலேயே பிளாஷ்பேக் வைத்தால், இன்னும் அறிமுகமே ஆகாத ஒருத்திக்காக வாசகரை அழச்சொல்கிறீர்கள்.

இவளுக்கு நான் வைப்பது: பள்ளியில் பணம் காணாமல் போனபோது வகுப்பின் முன் நிறுத்தி அவள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், பையில் ஒன்றும் இல்லை. பிற்பாடு யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. கதையில் இது இரண்டு வாக்கியத்துக்கு மேல் தாண்டக்கூடாது.

பெயரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் பெயர் பிறந்த பத்தாண்டையும் ஊரையும் மதத்தையும் பலசமயம் சாதியையும் சொல்லிவிடும். இவை தெரியாமல் முதலிலேயே ஒரு சினிமாத்தனமான பெயரை வைத்தால் பாத்திரம் அந்தப் பெயருக்குப் பின்னால் போகும். இவளுக்குச் செண்பகவல்லி. கோவில்பட்டி அம்மன் பெயர், பாட்டி பெயரும் அதுவே என்று வைத்துக்கொள்ளலாம், 1989இல் பிறந்தவளுக்குப் பொருந்தும். வீட்டில் செம்பகம், வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைக்கார அக்கா. முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அதிகாரி ஒருவர்தான், அதுவும் கையெழுத்துக்காக.

பக்கத்துப் பாத்திரங்களின் பெயர்களையும் அருகில் எழுதிப் பாருங்கள். செண்பகவல்லி, செல்வி, செல்லம்மா மூவரும் ஒரே கதையில் இருந்தால் வாசகர் குழம்புவார். முதலெழுத்து வேறாக இருக்கட்டும்.

10. ஒரு காட்சியில் ஓட்டிப் பார்த்தல்

இனிதான் எழுதவேண்டும். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி வரும்:

“செண்பகவல்லி மிகவும் நேர்மையானவள். ஆனால் வறுமை அவளை வாட்டியது. மனசாட்சி உறுத்த, கண்கள் கலங்க, அரிசியைக் குறைத்து நிறுத்தாள்.”

மூன்று வாக்கியத்திலும் தீர்ப்பு இருக்கிறது, ஆள் இல்லை. மேலே சேர்த்ததை வைத்துத் திருத்தினால்:

“தராசில் 19.90 நின்றது. ஒரு கை அரிசி அள்ளிப் போட்டாள். 20.04. அதே கையால் கொஞ்சம் திரும்ப எடுத்தாள். ‘எக்கா, சும்மா போடுங்க. நான் என்ன எண்ணிப் பாக்கவா போறேன்’ என்றாள் முன்னால் நின்றவள். செண்பகவல்லி பதில் சொல்லவில்லை. அடுத்த அட்டைக்குத் தராசு 19.90 காட்டியதும் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள்.”

சில்லறையை இரண்டு தடவை எண்ணுவதில் குற்ற உணர்ச்சி இருக்கிறது. முதல் ஆள் வெள்ளந்தியாகச் சொன்ன பேச்சே அடுத்த ஆளுக்குக் குறைக்கும் துணிச்சலைத் தந்திருக்கிறது. நேர்மை, வறுமை, மனசாட்சி என்ற சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை.

இதற்குப் பிறகு கதையில் வராத இரண்டு சூழ்நிலைகளில் அவளை எழுதிப் பாருங்கள், அரைப்பக்கம் வீதம். கல்யாண வீட்டு இலையில் சோறு மிஞ்சுவதைப் பார்க்கிறாள். அரசு மருத்துவமனையில் அவளே வரிசையில் நிற்கிறாள். எழுதும்போது கை தடுமாறினால் ஆறாவது படியில் ஏதோ குறைகிறது, அங்கே திரும்புங்கள். பத்தாவது படியிலேயே உட்கார்ந்து சொற்களை மாற்றிக்கொண்டிருப்பதால் பலன் இல்லை.

11. துணைப் பாத்திரங்கள்

ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்சிக்குள் சொந்தமாக ஒரு அவசரம் கொடுங்கள். வரிசையில் நிற்பவளுக்கு அடுப்பில் உலை இருக்கிறது. கட்டுநருக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். நாயகியைக் கேள்வி கேட்பதற்காக மட்டும் வரும் தோழியை வெட்டிவிடுங்கள்.

12. திருத்தத்தில் பார்க்க வேண்டியவை

முதல் பிரதியை ஒரு வாரமாவது தள்ளி வைத்துவிட்டு, அச்செடுத்துப் படியுங்கள். குணத்தைச் சொல்லும் பெயரடைகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள்: நேர்மையான, பாசமுள்ள, திமிர்பிடித்த. ஒவ்வொன்றுக்கும் அதைக் காட்டும் செயல் கதையில் இருந்தால் பெயரடையை நீக்குங்கள். செயல் இல்லையென்றால் செயலை எழுதிவிட்டு நீக்குங்கள்.

உரையாடல்களில் பேசுகிறவர் பெயரைக் காகிதத்தால் மறைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாத வரிகள் எட்டாம் படிக்குத் திரும்பவேண்டும்.

நாவலானால் தனித்தாளில் வயது, தேதி, கடன் தொகை, யார் எதை எப்போது தெரிந்துகொண்டார் என்று குறித்துக்கொண்டே போங்கள். 200 பக்கம் தாண்டியதும் அடகில் இருந்த கம்மல் காதில் தொங்கும். இந்தத் தவறை வாசகர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

கடைசியாக வேறொருவரிடம் கொடுங்கள். “பாத்திரம் நன்றாக இருக்கிறதா” என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முடிவுக்கு ஒரு பக்கம் முன்னால் நிறுத்திக் கொடுத்து, “அடுத்து இவள் என்ன செய்வாள்?” என்று கேளுங்கள். இரண்டு வழியையும் சொல்லி, எது என்று முடிவு செய்யமுடியாமல் காரணம் தேடினால் கடைசிப் பக்கத்தைக் கொடுக்கலாம். யோசிக்காமல் உடனே ஒன்றைச் சொன்னால் நெருக்கடியின் ஒரு பக்கம் எடை குறைவாக இருக்கிறது, இரண்டாம் படியிலிருந்து பாருங்கள்.